நலமுரண்டு

இந்த நாட்டில் அப்பழுக்கற்ற நீதி எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்ததில்லை. இங்கே நீதி தினமும் விடிந்ததும் எழுகிறது. பல் துலக்குகிறது. பால் காய்ச்சி ஒரு தம்ளரில் ஊற்றிக் குடிக்கிறது. தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறது. வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொள்கிறது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறது.

நீதியின் பெயர் சதீஷ்குமார். அரசு உதவி வழக்கறிஞர். முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

நீதி இறங்கும் ஊரின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் நீதிமன்ற அவமதிப்பாகிவிடும். சேந்தமங்கலம் அல்ல என்று மட்டும் சொல்லலாம். அங்கே பஸ் மாற வேண்டும். நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஓர் அறை. அதுதான் அரசு வழக்கறிஞர் அலுவலகம். அதில் இரண்டு மேசை, ஒரு பீரோ, தட்டச்சர் சுகுணா, குடைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினால்தான் சுற்றத் தொடங்கும் ஒரு மின்விசிறி. இந்த அலுவலகம் முழுவதும் ஒருநாள் நீதியின் தூய்மை கருதி அப்புறப்படுத்தப்பட்டது. மின்விசிறி உட்பட. பிற்காலச் சந்ததி தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் ஆறுமுகசாமி என்ற பெரிய மனிதர் ஒரு ரிசார்ட் நடத்திவந்தார். பெயர் ‘மேகமாளிகை இயற்கை வாழிடம்’. இயற்கை மேல் அவருக்கு இருந்த பிடிப்பு சாதாரணமானதல்ல. பிடித்தால் விடமாட்டார். வருகிற விருந்தினர்கள் அருவி கேட்டார்கள். மலையில் ஏற்கனவே இருக்கும் அருவிக்குப் படி இறங்கிப் போக வேண்டும். திரும்பி ஏறவும் வேண்டும். இயற்கையில் இப்படிப்பட்ட குறைகள் நிறைய. ஆகவே அவர் ரிசார்ட்டுக்குள்ளேயே ஓர் அருவியைக் கட்டினார். சிமென்ட் பாறை, பாறைமேல் பச்சை பெயின்டில் பாசி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குரங்கு. மேலே ஓடிக்கொண்டிருந்த ஓடையை மணல் மூட்டை அடுக்கி மறித்து, குழாய் போட்டுப் பாறையின் தலைக்குக் கொண்டுவந்தார். அருவிக்கு ஒரு சுவிட்ச். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் இயற்கை தொடங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இயற்கை நிறுத்தப்படும். விழுந்த தண்ணீர் மலையின் மறுபக்கச் சரிவில் போய்விடும், நிறுத்திய தண்ணீர் மேலே தேங்கி நிற்கும். ‘இயற்கையோடு ஒன்றிப்போங்கள். ஈரத் துணியோடு உணவறைக்கு வராதீர்கள்’ என்று பலகை வைத்திருந்தார்.

அந்த ஓடை அதற்கு முன்பு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் அத்தாயியின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அத்தாயிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மேட்டில் சாமை, சரிவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மரங்களில் கொஞ்சம் மிளகுக் கொடி, பள்ளத்தில் நெல். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். ஆடியில் நாற்று விட்டாள். நாற்று முளைத்தது. ஓடை நின்றது. ரிசார்ட் வாசலில் போய்க் கேட்டாள். வாசலில் நின்றவன் நுழைவுச்சீட்டு வாங்கச் சொன்னான்.

பாசனத் தண்ணீரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சட்டத்தில் இவ்வளவு தெளிவான இடங்கள் குறைவு. போலீசாருக்கே சந்தேகம் வந்து, திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆறுமுகசாமி மீது வழக்குப் பதிந்தார்கள். வழக்கு சதீஷ்குமாரின் மேசைக்கு வந்தது. வழக்கு முடிய வருஷங்கள் ஆகலாம் என்பது அவனுக்குத் தெரியும். நாற்றுக்கு அது தெரியாது. ஆகவே, வழக்கு முடியும் வரையில் மணல் மூட்டைகளை எடுத்து வைக்க உத்தரவிடும்படி ஒரு மனுப் போட்டான். ஆவணிக்குள் உத்தரவு வந்தால் நடவு. வராவிட்டால் அத்தாயியின் வீட்டில் அடுத்த வருஷம் நெல்லுச்சோறு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

நீதித்துறை நடுவர் மேனகா கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்திருந்தார். நேர்மையானவர். எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் தங்கை கல்யாணத்துக்கே போகவில்லை என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர் புகார்தாரரை நேரில் கேட்டுவிடலாம் என்றார். அத்தாயி கூண்டில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சதீஷ்குமார் பெயரைக் கேட்டான்.

“அத்தாயிங்க சாமி.”

“தண்ணி எப்ப இருந்து வரலீங்க?”

“அந்த அருவியக் கட்டுனதுல இருந்து வரலீங்க கண்ணு. ஓடைல இப்ப ஓணான்தான் ஓடுது சாமி.”

மணிவண்ணன் எழுந்தார். ஆறுமுகசாமியின் வழக்கறிஞர். எழுந்திருப்பதில் வல்லவர். அவர் எழுந்தால் அறையின் காற்றோட்டமே மாறும். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அன்று காலையில் பால்காரரும் இட்லிக் கடைக்காரம்மாவும் பஸ் கண்டக்டரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அதையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வந்திருந்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, புகார்தாரர் அரசு வழக்கறிஞரை இரண்டு முறை சாமி என்றும் ஒரு முறை கண்ணு என்றும் அழைத்திருக்கிறார். சாமி என்றால் கும்பிடப்படுபவர். கண்ணு என்றால் பெற்ற பிள்ளை. இவர் அந்த அம்மாவின் தெய்வமா, மகனா என்பது எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் இந்த வழக்கை நடத்தக் கூடாது.”

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஊரில் அவருடைய அம்மாவைத் தவிர யாரும் அவரைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அத்தாயியைப் பார்த்து, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

“தெரியலீங்க. இனிமேத்தான் கேட்டுப் பாக்கோணும்.”

உறவைக் கண்டுபிடிக்கும் உத்தேசம் இருப்பதாகப் பதிவு செய்யப்பட்டது.

“இது இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்குங்க மேடம்” என்றான் சதீஷ்குமார்.

“எந்த வழக்கு?”

“பேச்சு வழக்குங்க.”

மணிவண்ணன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இன்னொரு வழக்கு நிலுவையில் இருப்பதை அரசுத் தரப்பு இவ்வளவு நேரம் மறைத்துவிட்டது என்றார். அதன் எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்றார். நடுவர் சதீஷ்குமாரைப் பார்த்தார். சதீஷ்குமார் கூரையைப் பார்த்தான். ‘பேச்சு வழக்கு: எண் தெரிவிக்கப்படவில்லை’ என்று குறிப்பில் ஏறியது.

மறு விசாரணைக்குள் மணிவண்ணன் மனுப் போட்டுவிட்டார். அரசு வழக்கறிஞருக்கு இந்த வழக்கில் ‘நலமுரண்’ இருக்கிறது, அதாவது சொந்த நலன் கடமைக்குக் குறுக்கே நிற்கிறது. அவரையும் அவரது அலுவலகத்தையும் தகுதி நீக்கம் செய்ய வேண்டும்.

மனு எதைப் பற்றி என்று அத்தாயி சுகுணாவிடம் விசாரித்தாள். சுகுணா சொன்னாள். அத்தாயிக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

“முரண்டு புடிக்கறது தெரியுமுங்க. அதுல நல்ல முரண்டு வேற இருக்குதுங்களா?”

அன்றிலிருந்து வளாகம் முழுவதும், டீக்கடை உட்பட, அதற்கு நலமுரண்டு என்றே பெயர்.

மனு விசாரணையில் சதீஷ்குமாரே கூண்டில் ஏற வேண்டியதாயிற்று. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தான். மணிவண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலவினார். மலையில் நிலம் உண்டா? இல்லை. மலைத்தேன் குடித்ததுண்டா? சின்ன வயதில். கொல்லிமலை அன்னாசி? உண்டு. காசு கொடுத்தா? ஆமாம். ரசீது? அன்னாசிக்கு ரசீது கிடையாது என்று சதீஷ்குமார் சொன்னான். ரசீது இல்லாத அன்னாசி என்பது அன்பளிப்பாகவும் இருந்திருக்கலாம் என்று மணிவண்ணன் அடக்கத்தோடு சுட்டிக்காட்டினார்.

“உங்கள் மனைவி எந்த ஊர்?”

“இறந்துட்டாங்க.”

“எந்த ஊர் என்று கேட்டேன்.”

“ராசிபுரம் பக்கம்.”

“இப்போது?”

“இப்ப எந்த ஊரும் இல்லீங்க.”

நடுவர் குனிந்து எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். மனைவி வழியில் முரண் ஏதும் இல்லை. இரண்டு வருஷத்தில் சதீஷ்குமாருக்குக் கிடைத்த இரங்கல்களில் இதுதான் சுருக்கமானது. பிழையும் இல்லை.

அப்போது பின் பெஞ்சிலிருந்து அத்தாயி எழுந்துவிட்டாள். அவளுக்கு அது நீதிமன்றம் என்பது மறந்துபோயிருந்தது.

“அப்பச் சோத்துக்கு என்ன கண்ணு பண்ற?”

சதீஷ்குமார் சத்தியத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

“நானே ஆக்கிக்கறனுங்க.”

“ஊட்டுல வேற ஆரும் இல்லியா?”

“இல்லீங்க.”

நடுவர் மேசையைத் தட்டினார். மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இப்படிப்பட்ட பாக்கியம் ஒரு வழக்கறிஞருக்கு ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும். மெதுவாகக் கண்ணைத் திறந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நலமுரண் என்றால் என்ன என்று புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். நம் கண்முன்னே நடந்துவிட்டது. இவருடைய நலனில் அந்த அம்மாவுக்கு அக்கறை இருக்கிறது. இவர் சாப்பிட்டாரா என்று நான் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா? நீதிமன்றம்தான் கேட்டிருக்கிறதா?”

நடுவர் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

“ஆகவே இந்த அறையில் நடுநிலை தவறியவர் அந்த அம்மா ஒருவர்தான்.”

உத்தரவு நீளமானது. ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு ஒட்டிய முரண் மற்றவருக்கும் ஒட்டும் என்று அது சொன்னது. மேலும், தட்டச்சர் சுகுணா முந்தைய விசாரணையன்று புகார்தாரருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். தண்ணீர் பற்றிய வழக்கில் தண்ணீர் கொடுப்பது, வழக்குப் பொருளைக் கைமாற்றுவதாகும். ஆகவே அலுவலகம் முழுவதும் தகுதி நீக்கம்.

சுகுணா கடமை தவறாதவள். ‘அலுவலகம்’ என்பதில் மின்விசிறி அடங்குமா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினாள். அடங்கும் என்று பதில் வந்தது. தகுதி நீக்கம் செய்யப்பட்ட அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றால் அலுவலகம் இயங்குவதாகப் பொருள்படும். அன்று முதல் அவள் வழக்குக் கட்டு ஒன்றால் விசிறிக்கொண்டாள். அது வேறு வழக்கின் கட்டு என்பதை உறுதிப்படுத்திக்கொண்டுதான்.

வழக்கு அடுத்த தாலுகாவின் அரசு வழக்கறிஞர் அருணாசலத்திடம் போனது. ஓய்வு பெறப் போகிறவர். உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்து, ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டுதான் வந்தார். அத்தாயியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. சுவரைப் பார்த்தபடி வாதத்தை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது. திட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனால் கட்டைப் பிரித்தபோது தூசி பறந்தது. அருணாசலம் தும்மினார்.

“நூறு கண்ணு” என்றாள் அத்தாயி.

அந்த அலுவலகமும் போயிற்று. நூறு ஆயுள் என்பது ஓய்வூதியக் காலத்தை நேரடியாகப் பாதிக்கும் நலன் என்று மணிவண்ணன் வாதாடினார். அருணாசலத்தால் மறுக்க முடியவில்லை. அவருக்கு அடுத்த தும்மல் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண் வழக்கறிஞர். இதற்குள் சுகுணா, வாயையே திறக்காதீர்கள் என்று அத்தாயியிடம் டீக்கடையில் வைத்துச் சொல்லியிருந்தாள். டீக்கடைக்குத் தகுதி நீக்கம் இன்னும் வரவில்லை. அத்தாயி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த பெண் நிறைமாதம். அத்தாயி ஒன்றும் பேசவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். மணிவண்ணன் எழுந்து, பெஞ்சை அளக்க அனுமதி கோரினார்.

இதற்கு நடுவில் ஒருநாள் வராந்தாவில் அத்தாயி நேராக ஆறுமுகசாமியிடமே போய்க் கேட்டுவிட்டாள். “ஏனுங்க சாமி, ராத்திரிக்கு மட்டுமாச்சும் தண்ணிய உடுங்க. ராத்திரில அங்க ஆரும் குளிக்கறதில்லீல்லங்க.” ஆறுமுகசாமி, விஷயம் நீதிமன்றத்தில் இருப்பதால் தன்னால் கருத்துச் சொல்ல இயலாது என்றார். ஆனால் வராந்தாவில் இருந்தவர்களுக்குக் காது இருந்தது. புகார்தாரர் குற்றம் சாட்டப்பட்டவரையும் சாமி என்றுதான் அழைக்கிறார், ஆக அது எல்லோருக்கும் பொது என்று நிறைமாத வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். நல்ல வாதம். மணிவண்ணன் தன் கட்சிக்காரரின் ஆதார் அட்டையை நீட்டினார். பெயர் ஆறுமுகசாமி. அந்த அம்மா பெயரின் பின்பாதியைச் சொல்லியிருக்கிறார். முன்பாதியை மரியாதை கருதி விட்டிருக்கிறார். நடுவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நிறைமாத வழக்கறிஞரும் விடுவிக்கப்பட்டார்.

மலையில் இது எதுவும் நாற்றுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அத்தாயி தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாயில் வருவது குடிக்கவே போதாது. பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு குடம் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு நலமுரண் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தகுதி நீக்கம் செய்யப்பட்டவனுக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். சதீஷ்குமார் மற்ற வழக்குகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். இந்த வழக்கு எடுக்கப்படும்போது மட்டும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பொதுமக்களில் ஒருவனாகப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். அத்தாயியோடு பேசக் கூடாது என்று உத்தரவில் இருந்தது. அவள் இருக்கும் திசையில் தலையாட்டுவது பற்றி ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் விட்டிருந்தான்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு விசாரணை முடிந்து அவன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். அத்தாயி ஒரு தூக்குப்போசியோடு வந்து பக்கத்தில் நின்றாள். மூடியைத் திறந்தாள். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு.

“இத வாங்குனா இன்னொரு மனுப் போடுவாங்கம்மா.”

“போடட்டும். உன்னயத்தான் ஏற்கனவே தள்ளி உட்டுட்டாங்களே கண்ணு. இனி எங்க கொண்டுபோயித் தள்ளுவாங்க?”

சதீஷ்குமார் மலைக்குப் போகும் பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று சாப்பிட்டான். இன்னொருவர் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு நாளாகியிருந்தது. காரம் அதிகம். அவன் அதைச் சொல்லவில்லை. போசியைக் கழுவிக் கொடுத்தபோது, நாற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான்.

“மஞ்ச பூத்துப் போச்சு. மழ பேஞ்சாலும் இனி நடறதுக்கு ஆகாது. தண்ணி வந்தா, ஒழவு ஓட்டிக் குறுவயசுப் பயிரா எதாச்சும் போடலாம். வரோணுமே.”

பஸ் கிளம்பியது. அவள் ஏறிக்கொண்டாள். இந்தச் சாப்பாட்டைப் பற்றி அவன் நீதிமன்றத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை. அவனுடைய நேர்மையில் விழுந்த ஒரே கறை அது. மொச்சைக்கொட்டைக் குழம்பின் கறை.

மாவட்டத்தில் முரணற்ற வழக்கறிஞர்கள் தீர்ந்துபோனதால், அரசாங்கம் தொலைதூரக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சிறப்பு வழக்கறிஞரை வரவழைத்தது. இவர் மலையையே படத்தில்தான் பார்த்திருந்தார். சாமையைச் சாப்பிட்டதில்லை. அன்னாசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான் நீதி இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. சம்பவ இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று அவர் மலைக்குப் போனார். அங்கே தங்குவதற்கு வசதியான இடம் ஒன்றுதான் இருந்தது. மேகமாளிகை இயற்கை வாழிடம்.

மறுநாள் அவர் ஈரத் தலையோடு நீதிமன்றத்துக்கு வந்தார். காலரில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தாயி அந்தத் தண்ணீரை அடையாளம் கண்டுகொண்டவள் போலப் பார்த்தாள்.

பின் பெஞ்சிலிருந்து பொதுமக்களில் ஒருவன் எழுந்தான். சிறப்பு வழக்கறிஞர் குற்றம் சாட்டப்பட்டவரின் ரிசார்ட்டில் தங்கியிருக்கிறார், வாடகை வாங்கப்படவில்லை, இதையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்றான். வழக்கில் தொடர்பில்லாதவர் பேசக் கூடாது என்று மணிவண்ணன் எழுந்தார். ஆனால் நடுவர் நேர்மையானவர். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று சொல்லிவிட்டு ஆறுமுகசாமியைக் கூண்டில் ஏற்றினார்.

“இவரை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள்?”

“சார்னு கூப்புடறனுங்க மேடம்.”

“கண்ணு, சாமி என்று எப்போதாவது?”

“ச்சே, இல்லீங்க மேடம்.”

“சாப்பிட்டாரா என்று கேட்டீர்களா?”

“இல்லீங்க. அங்க எல்லாம் பஃபே.”

நடுவரின் முகத்தில் நிம்மதி பரவியது. சார் என்பது உறவுமுறைச் சொல் அல்ல. ஒருவரைச் சார் என்று அழைப்பதால் சார்பு ஏற்பட்டுவிடாது. பஃபேயில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஆகவே அங்கே நலனும் இல்லை, முரணும் இல்லை. ஆட்சேபம் தள்ளுபடி. பொதுமக்கள் உட்காரலாம்.

சதீஷ்குமார் உட்கார்ந்தான்.

சிறப்பு வழக்கறிஞர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சம்பவ இடத்தைத் தாம் நேரில், தலை முதல் கால் வரை, ஆய்வு செய்ததாகச் சொன்னார். தண்ணீர் தடைபட்டிருப்பதாகத் தெரியவில்லை. தம் மேல் நன்றாகவே விழுந்தது. வேகமும் திருப்திகரம். ஆகவே மணல் மூட்டைகளை எடுக்கச் சொல்லும் மனுவை அரசுத் தரப்பு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மூல வழக்கைத் தொடர்வதா வேண்டாமா என்பதை ஊருக்குப் போய் யோசித்து எழுதுகிறார். அவருக்கு மத்தியானம் ரயில்.

மணிவண்ணன் எழுந்தார். இந்தமுறை ஆட்சேபிக்க அல்ல. எதிர்த்தரப்பில் இருந்தாலும் இப்படி ஒரு நடுநிலையாளரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை என்றார். நடுவரும் பாராட்டினார். உறவு, நட்பு, அக்கறை, சோறு, தும்மல் எதுவும் ஒட்டாத ஒரு வழக்கறிஞரைத் தேடிக் கண்டுபிடித்ததில் இந்த நீதிமன்றம் பெருமை கொள்கிறது என்று உத்தரவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மனு முடித்துவைக்கப்பட்டது. மணல் மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சட்டப்படி புகார்தாரரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நடுவர் அத்தாயியைக் கூப்பிட்டு, இதில் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். கனிவாகத்தான் கேட்டார்.

அத்தாயி கூண்டில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே நடுவரைப் பார்த்துச் சொன்னாள். முதல் இரண்டு வார்த்தையிலேயே அறையில் பேனாக்கள் நின்றுவிட்டன. மணிவண்ணன் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தவர், யாரைத் தகுதி நீக்கம் செய்யக் கோர வேண்டியிருக்கும் என்பது புரிந்து மெல்ல உட்கார்ந்தார். சிறப்பு வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீதிமன்றத் தட்டச்சரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. தட்டச்சர் நடுவரைப் பார்த்தார். நடுவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு விரல்கள் இறங்கித் தட்டின: ‘மேற்கொண்டு கூற ஏதுமில்லை, கனம் நீதிபதி அவர்களே என்று புகார்தாரர் பணிவுடன் தெரிவித்தார்.’

ஆவணத்தில் இருப்பது அதுதான். அதுவே உண்மை. பின் பெஞ்சில் இருந்த சதீஷ்குமாருக்கு வேறு விதமாகக் கேட்டது. அவன் தகுதி நீக்கம் செய்யப்பட்டவன். அவன் காதுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் அவள் சொன்னது இதுதான்:

“ஏனுங்க கண்ணு, இத்தன நாளா ஆரு ஆருக்குச் சொந்தம்னே பாத்துட்டு இருந்தீங்க. அந்தத் தண்ணி ஆருக்குச் சொந்தம்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்களே.”